எடை மேடைக்கு வந்த டெஸ்க்டாப்

இலக்கியாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி சொல்லிவிட்டார் எங்கள் சங்கத் தலைவர் பஞ்சநாதன். உப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டு மலரில் 'நம்மில் ஒருவர்' என்று ஒரு பக்கம் உண்டு. பன்னிரண்டு வருடமாக எடை மேடையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பற்றி அதில் இதுவரை ஒரு வரி வந்ததில்லை. வேலைக்கு வந்து ஒன்றரை வருடமே ஆன பெண்ணைப் பற்றி எழுத வேண்டுமாம். அதையும் நானே எழுத வேண்டுமாம். "நீதானப்பா அது கூடவே ஒக்காந்திருக்கற. ஒனக்குத் தெரியாதது இன்னா இருக்குது?" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். சுறுசுறுப்பு, பணிவு, கணினி அறிவு எல்லாவற்றையும் போட்டாயிற்று. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எழுதும்போது எனக்கு வயிறு எரிந்ததை மட்டும் அந்தப் பக்கத்தில் போட முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் எடை மேடை, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்குள் இறங்கும் பாதையில் இருக்கிறது. லாரி காலியாக உள்ளே போகும்போது ஒரு எடை, உப்பு ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது ஒரு எடை. பாத்தியிலிருந்து அள்ளிய உப்பு ஈரமாகவே இருக்கும். லாரி சொட்டச் சொட்ட மேடைமேல் ஏறும். மேடையை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு நாற்காலி. நாற்காலியில் நான்.

அந்த நாற்காலி எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. பிளஸ் டூவில் தோற்றுவிட்டு இதே உப்பளத்தில் மூட்டை தூக்கியவன் நான். புதுச்சேரியிலிருந்து ஓர் ஆள் வந்து இந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். வைரஸ் வராது என்பதற்காக அது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. எடை போட, சீட்டு அடிக்க, பழைய எடையைத் தேடி எடுக்க என்று மொத்தம் பதினான்கு கமாண்டு. அவர் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்தேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எனக்கு மறந்துவிடுமோ என்ற பயத்தைவிட, வேறு யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அதுவரை என்னை "டேய் ஐயப்பா" என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் "எடை சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோட்டக்குப்பத்து லாரிக்காரர் நூர் முஹம்மது பாய் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "எப்படி சார் படமே இல்லாம ஓட்டறீங்க? எனக்கு மொபைல்லயே படத்தப் பாத்து அழுத்தத்தான் வருது" என்பார். நான் கொஞ்சம் வேகமாகத் தட்டுவேன், அவ்வளவுதான்.

ஒரு வருடம் நல்ல சீசனில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு வாரம் படுக்கை. எடை போட ஆளில்லாமல் லாரிகள் சாலை வரைக்கும் வரிசையாக நின்றன. தலைவர் ஒரு நாளைக்கு நான்கு முறை போன் செய்தார். கீழாநெல்லிச் சாற்றைக் குடித்துக்கொண்டு அந்தப் போன்களை நான் எவ்வளவு ரசித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ரசிப்புக்கு விலை இருந்தது. "ஒரே ஆள நம்பி ஒரு மேடையா? யாரு வேணா ஒக்காந்து எடை போடற மாதிரி பண்ணணும்" என்று தலைவர் முடிவு செய்துவிட்டார். அப்படித்தான் அடுத்த கார்த்திகையில் இலக்கியா வந்தாள்.

இரும்பை கிராமத்துப் பக்கம் அவளுக்கு ஊர். அப்பாவுக்கு மணிலா என்கிற வேர்க்கடலைக் கொல்லையும் கொஞ்சம் சவுக்கும் உண்டு. பி.சி.ஏ. படித்தவள், வயது இருபத்து நான்கு. ஸ்கூட்டியில் வருவாள். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருவாள். கம்ப்யூட்டரிடம் "இன்னா, மூஞ்சத் தூக்கிட்டு ஒக்காந்திருக்கற?" என்று பேசுவாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லும்போது அவள் சிரிப்பாள். "தெரியலண்ணா, பாத்துட்டுச் சொல்றேன்." வெட்கமே கிடையாது. அதுவரை பத்து வருடத்தில் தெரியாது என்ற வார்த்தையை அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் மறுபடி மூட்டை தூக்க அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தவன் நான். அவளுக்கு அந்தப் பயம் எப்படி இல்லாமல் போனது?

என் பதினான்கு கமாண்டையும் அவள் கேட்டாள். மூன்றைச் சொன்னேன். மீதியை அவளே உள்ளே தேடி ஒரு மத்தியானத்தில் எடுத்துவிட்டாள். நோட்டில் வரிசையாக எழுதி, "சரியாண்ணா?" என்று என்னிடமே நீட்டினாள். என் பத்து வருடமும் அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட வரவில்லை.

தை மாதம் உப்பளத்தில் பாத்தி மிதித்து உப்புத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். லாரி வர இன்னும் நாள் இருந்தது. அப்போதுதான் கறுப்புத் திரையில் படம் கொண்டுவரும் டெஸ்க்டாப் வேலையை அவள் தொடங்கினாள். தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார்: "மாசி மொதல் லாரிக்குள்ள படம் வரணும்மா. வந்தா நீ பர்மனென்ட். வரலன்னா பழையபடி ஐயப்பனே பாத்துக்கட்டும். ரெண்டு ஆளு எனக்கு எதுக்கு?"

ஆக, படம் வந்தால் அவளுக்கு வேலை. வராவிட்டால் எனக்கு என் நாற்காலி.

டெஸ்க்டாப் என்றால் ஒரே பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். படம் வரைய ஒன்று, அதற்கும் இயந்திரத்துக்கும் நடுவே பேச டிரைவர் ஒன்று, ஜன்னலுக்குச் சட்டம் போட ஒன்று, கீழே பட்டை வைக்க ஒன்று என்று அடுக்கடுக்காகப் போகிறது. எங்கள் பெட்டி கிழடு. அதனால் பெரிய டெஸ்க்டாப் எல்லாம் வேண்டாமென்று லேசான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதன் அடையாளமே ஓர் எலி. பழைய எடைகளை முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். பிறகு போனிலிருந்து இணையம் கொடுத்து ஒவ்வொன்றாக இறக்கினாள். எல்லாம் இறங்கியதும், படத்தை எழுப்பும் கமாண்டான "ஸ்டார்ட் எக்ஸ்" என்று தட்டினாள். திரை ஒரு முறை கண் சிமிட்டிவிட்டுக் கறுப்புக்கே திரும்பியது. கடைசி வரியில் ஆங்கிலத்தில், திரை எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"அண்ணா, இங்க பாருங்களேன்! ஸ்கிரீன்லயே எழுதி, ஸ்கிரீன் இல்லன்னு சொல்லுது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நானும் சிரித்தேன். என் சிரிப்பு வேறு. ஏனென்றால் அதே வரியை எட்டு வருடத்துக்கு முன்னால் நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. திண்டிவனத்திலிருந்து வந்த மெக்கானிக் மானிட்டர் கேபிளின் முனையைக் கழற்றிக் காட்டினார். பதினைந்து ஊசி. சில ஊசிகள் நிறத்தைக் கொண்டுபோகின்றன. ஒன்றிரண்டு ஊசிகளின் வேலை, நான் இன்ன மானிட்டர், என் அளவு இவ்வளவு என்று பெட்டிக்குச் சொல்வது. "உங்க ஊரு காத்து இந்த ஊசியத்தான் மொதல்ல தின்னுது. அப்ப எழுத்து வரும், படம் வராது" என்றார். அன்றைக்குத் தலைவருக்கு அவசரம், எழுத்தே போதுமென்று விட்டுவிட்டார்கள். எழுத்தும் ஒரு நாள் நின்றுவிடுமோ என்று நான் மட்டும் அன்றிலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் திண்டிவனம் போய்ப் புது கேபிள் ஒன்று வாங்கி வருவேன், முதல் லாரிக்கு முன்னால் மாற்றிவிடுவேன். அந்த வருடத்துக் கேபிளும் வாங்கியாயிற்று. பிரிக்காத கவரோடு என் டிராயரில் இருந்தது.

அவள் மத்தியானம் சாப்பிடப் போனபோது பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன். பழைய கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு ஏறி, அதன்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நிமிர்ந்து டிராயரைப் பூட்டினேன். சாவியை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

ஒன்பது நாள் அவள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள். டிரைவரை மாற்றினாள். மானிட்டரின் அளவைக் கையாலேயே ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். எங்கெங்கோ இருக்கும் ஆட்களிடம் போனில் எழுதிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே வரி. ஐந்தாவது நாள் சிரிப்பு நின்றது. ஏழாவது நாள் சம்மணமும் போய், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது பாயசம் குடித்த மாதிரி இருந்தது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

வீட்டில் என் மனைவி சரண்யா வேறு. "அந்தப் பொண்ணு நம்ம பாப்பாவுக்கு ஸ்காலர்ஷிப் ஃபாரத்த போன்லயே போட்டுக் குடுத்துடுச்சு. நீ ரெண்டு மாசமா போடறேன் போடறேன்னு சொன்ன" என்றாள். சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். "இன்னா ஒரு மாதிரியா இருக்கற? அந்தப் பொண்ணப் பத்திப் பேசனாலே மூஞ்சி மாறுது" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் சந்தேகப்பட்டது வேறு. அதுவாக இருந்திருந்தால்கூட இதைவிடக் கௌரவமாக இருந்திருக்கும்.

எட்டாவது நாள் இலக்கியா நேராகவே கேட்டாள். "அண்ணா, இந்தப் பொட்டியப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? உங்களுக்கு எதனா தோணுதா?"

இருபது நாள் முன்னால் கேட்டிருந்தால் இந்த வார்த்தைக்கே உருகியிருப்பேன்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் கறுப்பு ஸ்கிரீன் ஆளு" என்றேன்.

பத்து வருடத்தில் முதல் தடவையாகத் தெரியாது என்று சொன்னேன். அதுவும் தெரிந்ததை.

முதல் லாரி வந்த காலை எங்கள் சங்கத்தில் சின்னப் பூஜை நடக்கும். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். முதல் சீட்டில் குங்குமம் தடவி அறைச் சுவரில் ஒட்டுவார்கள். அதுவரை சுவரில் இருந்த பத்துச் சீட்டும் நான் அடித்தவை. நூர் முஹம்மது பாயின் லாரிதான் அன்றைக்கு முதலில் நின்றது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அதே வரி. இலக்கியா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கூப்பிடட்டும் என்று நின்றேன்.

சூடத்தட்டோடு சின்னப்பாப்பா உள்ளே வந்தாள். தலையில் கூடை வைத்து உப்பு சுமக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. ஐம்பது வயதிருக்கும். கம்ப்யூட்டரை அதுவரை அவள் தொட்டதில்லை. தட்டை வைக்க இடம் தேடிப் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தவள், "ஏம்மா, இது இன்னா பச்சையா பூத்துக் கெடக்குது? உப்பு தின்னிருக்குது பாரு" என்றாள்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான தெரியுதுக்கா" என்றாள் இலக்கியா.

"மம்பட்டி பாதி துருவேறிப் போனாலும் மண்ணு வெட்டத்தான் செய்யும். அதுக்குன்னு துரு இல்லன்னு ஆயிடுமா? கயட்டு அத."

இலக்கியா கரண்டை நிறுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றினாள். முனையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ ஓடியது. சின்னப்பாப்பா தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"தண்ணியா?" என்று இலக்கியா பதறினாள்.

"உப்புக்கு நல்ல தண்ணிதாம்மா மருந்து. சைக்கிளு, மம்பட்டி, எங்க காலு, எல்லாத்தையும் அதுலதான் கழுவறோம்."

பிரிண்டர் துடைக்கும் பழைய பிரஷ்ஷால் ஊசி ஊசியாகத் தேய்த்து, தண்ணீர் விட்டு, முந்தானையால் ஒற்றி, வாயால் ஊதி, நூர் முஹம்மது பாய் லாரியின் சூடான பானெட் மேல் அதைக் காய வைத்தாள். அரை மணி நேரம் எல்லோரும் அந்தக் கேபிளைச் சுற்றி நின்றோம். மற்றவர்கள் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று தெரியாது. வரக்கூடாது, வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். புதுக் கேபிள் என் முழங்காலுக்குப் பக்கத்தில், பூட்டிய டிராயரில் இருந்தது.

இலக்கியா கேபிளை மாட்டித் தட்டினாள். திரை கண் சிமிட்டியது. எலி வந்தது. அப்புறம் கண்ணைப் பறிக்கும் நீலம், அதன் நடுவில் இரண்டு படம். ஒன்று காலி லாரி, ஒன்று உப்பு ஏற்றிய லாரி. படிக்கத் தெரியாதவர்கள்கூட அழுத்தலாம் என்று அவள் எப்போதோ வரைந்து வைத்திருந்தாள். வெளியே கை தட்டினார்கள்.

"சின்னப்பாப்பா, நீயே அழுத்து" என்றார் தலைவர்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இலக்கியா காட்டியபடி மவுஸைப் பிடித்து, காலி லாரியின் மேல் அழுத்தினாள். சீட்டு வந்தது. குங்குமம் தடவி ஒட்டினார்கள். பதினொன்றாவது சீட்டு. என் பத்துச் சீட்டையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொறாமைக்கும் ஓர் அளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். உப்பு சுமக்கும் ஒரு பெண்ணின் விரலைப் பார்த்தும் அது வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இலக்கியாவுக்கு வேலை நிரந்தரமானது. என்னை யாரும் அனுப்பவில்லை, முறை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். எனக்காகத் திரையின் ஓரத்தில் கறுப்பு ஜன்னல் ஒன்றை அவளே வைத்துக் கொடுத்தாள். "உங்களுக்குப் பழகனது இதாண்ணா, இதுலயே அடிங்க" என்றாள். உள்ளங்கை அளவு ஜன்னல். அதில் நான் தட்டிக்கொண்டிருந்தால் நூர் முஹம்மது பாய் கண்ணாடியைத் தட்டுவார்: "சார், படத்துல அழுத்திடுங்க. சீக்கிரம் ஆவும்."

சித்திரையில் எனக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்திருந்தேன். இலக்கியா போன் செய்தாள். "அண்ணா, சீட்டு ரோல் தீந்துடுச்சு. எங்க வெச்சிருக்கீங்க?"

"என் டிராயர்ல. சாவி முருகன் படத்துக்குப் பின்னாடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது.

காய்ச்சலோடு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். அறைக்குள் நுழைந்தபோது அவள் ரோல் மாட்டிக்கொண்டிருந்தாள். டிராயர் மூடியிருந்தது. பெட்டியின் பின்னால் புதுக் கேபிள் பளபளவென்று தொங்கியது. பழையது சுருட்டி ஓரமாக இருந்தது. கேபிள் வந்த கவரை நான்காக மடித்து மேசைமேல் வைத்திருந்தாள். கடை ஸ்டிக்கரும் அதில் போட்ட டிசம்பர் மாதத் தேதியும் மேலாகத் தெரியும்படி மடிந்திருந்தது. வேண்டுமென்று செய்தாளா என்று எனக்குத் தெரியாது.

"காய்ச்சலோட எதுக்குண்ணா வந்தீங்க?" என்றாள். "கேபிள் புதுசு இருந்துச்சு, மாத்திட்டேன்."

வழியெல்லாம் மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தேன். மறந்துவிட்டேன் என்று ஒன்று. அது வேறு கேபிள் என்று ஒன்று. மூன்றாவது நினைவில்லை. அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கோபம்கூட வராமல் ஒருத்தியால் எப்படி இருக்க முடிகிறது? அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

மூன்று நாள் கழித்து வேலைக்குப் போனபோது, நீலத் திரையில் லாரிப் படங்களுக்குக் கீழே புதிதாக ஒரு சின்னக் காகிதப் படம் இருந்தது. 'படம் வரலன்னா' என்று பெயர். இனிமேல் யார் உட்கார்ந்தாலும் தெரிய வேண்டும் என்று அவள் எழுதி வைத்தது. திறந்தேன். மூன்றே வரி.

"மானிட்டர் கேபிளைப் பார்க்கவும். புதுசு ஐயப்பன் அண்ணா டிராயரில் இருக்கும். அவரைக் கேளுங்கள், சொல்வார்."

தலைவர் அதைப் படித்துவிட்டு, "பாத்தியா, ஒனக்கு எவ்ளோ மரியாத குடுத்திருக்குது!" என்று என் தோளைத் தட்டினார்.

ஒரு ஃபைலை அழிக்கும் கமாண்ட் என் பதினான்கில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து அதைப் பாதி வரைக்கும் அடித்துவிட்டு, எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறேன்.

போன மார்கழியிலும் திண்டிவனம் போய்ப் புது கேபிள் வாங்கி வந்தேன். டிராயரில்தான் இருக்கிறது. இப்போது டிராயரைப் பூட்டுவதில்லை. யாராவது வந்து கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.